பூங்காவைப் பகலில் பூட்டாதீர்கள்: நகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

நகர்மன்றத் தலைவருக்கும், ஆணையருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

போன மாதக் கூட்டத்தில் நீங்கள் நிறைவேற்றிய தீர்மானத்தால் எங்கள் வார்டு பூங்காவைக் காலை 8 மணிக்குப் பூட்டுகிறார்கள். மறுபடி மாலை 4 மணிக்குத்தான் திறக்கிறார்கள். உள்ளே போக ஆளுக்கு 20 ரூபாய். பாதிப் பூங்காவில் மரங்களை எடுத்துவிட்டு இசை நீரூற்றும் செல்ஃபி மேடையும் கட்டியாகிவிட்டது. மீதிப் பாதியில் ஸ்கேட்டிங் தளம் வரப்போகிறது என்று வாசலில் போர்டு வைத்திருக்கிறீர்கள். இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

பூங்கா வாசலுக்கு நேர் எதிரில் 19 வருடமாக ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று என்று உங்கள் அலுவலகங்களுக்கு வரும் மனுக்களில் நிறைய என் விரலால் அடித்தவை. அடுத்தவர் குறையை எழுத எனக்குப் பத்து நிமிடம் போதும். இதை எழுத மூன்று ராத்திரி ஆனது.

இதே விஷயமாக ஏற்கெனவே இரண்டு மனு கொடுத்தேன். ஒன்று உங்கள் தபால் பிரிவில், இன்னொன்று திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில். “பூங்கா மேம்பாட்டுப் பணிகள் விதிகளுக்கு உட்பட்டே நடைபெறுகின்றன” என்று ஒரு வரிப் பதில் வந்தது. பகல் 11 மணிக்கு அந்தப் பூங்காவில் யார் யார் இருப்பார்கள் என்று உங்களில் யாராவது வந்து பார்த்தீர்களா என்றுதான் அந்த மனுவில் கேட்டிருந்தேன். அதற்குப் பதில் இல்லை. அதனால் யார் இருந்தார்கள் என்று நானே சொல்கிறேன்.

முதலில் என் வீட்டுக்காரர். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எழுது, பேர் மட்டும் போடாதே” என்றார்.

அவர் 22 வருடம் வேலை பார்த்த நூல் மில் 2020 ஊரடங்கில் மூடியது. அப்புறம் திறக்கவே இல்லை. ஆறு மாதம் வேறு வேலை தேடினார். பிறகு தேடுவதை நிறுத்தினார். பிறகு சவரம் செய்துகொள்வது, குளிப்பது, பசிக்கிறது என்று கேட்பது எல்லாம் ஒவ்வொன்றாக நின்றது. எங்களுடையது லைன் வீடு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, மேலே சிமென்ட் ஷீட். பங்குனி பிறந்துவிட்டால் பகல் 11 மணிக்கு மேல் அதற்குள் மனிதர் இருக்க முடியாது. அவர் அதற்குள்ளேயே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சொந்தக்காரர்கள் மந்திரிக்கச் சொன்னார்கள். குலதெய்வத்துக்குக் கிடா நேர்ந்துகொள்ளச் சொன்னார்கள், நேர்ந்துகொண்டேன். 2021 கடைசியில், ஒருநாள் அவர் பேசிய ஒரு பேச்சைக் கேட்டுப் பயந்துபோய், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே இருந்த டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மாத்திரை அதோட வேலையைச் செய்யும். ஆனா நாள் முழுக்க அந்த ஷீட்டுக்கு அடியில கிடந்தா பாதிதான் ஆகும். தினம் ஒரு மணி நேரம் மரத்தடியில உட்கார வையுங்க. நடங்க, பேசுங்கன்னு கட்டாயப்படுத்தாதீங்க. சும்மா உட்காரட்டும்” என்றார்.

மரத்தடி என்றால் எங்களுக்கு அந்தப் பூங்காதான். 2022 பொங்கல் கழித்துப் போக ஆரம்பித்தார். காலையில் கூட்டிப் போனபோது மூன்றாம் நாளே வர மறுத்துவிட்டார். காலையிலும் சாயங்காலமும் தெரிந்த முகங்கள் வருவார்கள். “என்னங்க, இப்ப எங்க வேலை?” என்று கேட்பார்கள். அக்கறையாகத்தான் கேட்பார்கள். அவரிடம் அதற்குப் பதில் இல்லை. அதனால் 11 மணிக்குப் போவது என்று ஆனது. கிழக்குச் சுவர் ஓரம், கால் உடைந்து செங்கல் முட்டுக் கொடுத்த ஒரு சிமென்ட் பெஞ்ச். அதற்கு மேல் புங்கை மரம். கடையில் நின்றால் கேட் கம்பி வழியாக அவர் முதுகு தெரியும். ஒவ்வொரு தடவை மெஷின் ஓடும்போதும் நிமிர்ந்து பார்த்துக்கொள்வேன்.

நான்கு மாதம் அந்த முதுகு அப்படியேதான் இருந்தது. சித்திரையில் புங்கை பூத்துக் கொட்டியது. பொரி இறைத்த மாதிரி பெஞ்ச் முழுக்கப் பூ. சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோனபோது பார்த்தேன், உட்காரும் இடத்தை மட்டும் கையால் ஒதுக்கிவிட்டு, மீதிப் பூவைக் கலைக்காமல் உட்கார்ந்திருந்தார். தலையிலும் இரண்டு பூ. அவருக்கு ஒன்றின் மேல் கவனம் வந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒருநாள் வேலி ஓரம் ஒரு பறவை ‘ஊப், ஊப்’ என்று கத்தியது. அவர் எழுந்து போய் வாட்ச்மேன் பெரியவரிடம், “ஏனுங்கய்யா, இது செம்பூத்துங்களா?” என்று கேட்டிருக்கிறார். “ஆமாங்க தம்பி, ஜோடியா இருக்குது” என்றாராம் பெரியவர். வீட்டுக்கு வெளியே ஒரு மனிதரிடம் அவராகப் போய்ப் பேசியது ஒரு வருடத்துக்கு மேல் கழித்து அதுதான் முதல் தடவை. பெரியவர் ரோட்டைத் தாண்டி ஓடிவந்து என்னிடம் சொன்னார். மெஷினை நிறுத்திவிட்டு அழுதேன்.

மாத்திரையை டாக்டரம்மா மெதுவாகத்தான் குறைத்தார். பூங்காவில் உட்கார்ந்தால் மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, யாரும் அப்படி நினைத்து நிறுத்திவிடவும் கூடாது. இப்போது அவர் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறார். மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு அந்தப் பெஞ்சுக்கு வருவார், இரண்டு மணிக்குப் போவார். மூன்று வருடமாக அந்த ஒரு மணி நேரம் தவறியதில்லை. நீங்கள் பூட்டுப் போட்டதிலிருந்து கடை குடோனில் சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவில் சாப்பிடுகிறார். இந்த ஒரு மாதத்தில் நான்கைந்து ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். எனக்கு மறுபடி பயம் வந்துவிட்டது.

இது ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். 11 மணிக்கு மேல் அங்கே வருகிறவர்களை எனக்கு முகம் முகமாகத் தெரியும். விடிகாலை 5 மணிக்கு வேலையில் இறங்கும் தூய்மைப் பணியாளர் பெண்கள், வேலை முடித்து வேப்ப மரத்தடியில் சாப்பிட்டு அரை மணி நேரம் கண்ணயர்வார்கள். உங்கள் நகராட்சிக்காக உழைக்கிறவர்கள்தான். அவர்கள் வீடு வேறு திசையில், பஸ் ஒன்றரை மணிக்கு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குப் படிக்கும் பையன்களும் பெண்களும் ஆளுக்கொரு மரமாகப் பிடித்துக்கொள்வார்கள். என் கடையில் பழைய வினாத்தாள் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நேரே உள்ளே போவார்கள். வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைகள். மனைவி போன துக்கத்தில் பகலில் வீட்டில் இருக்கப் பிடிக்காத ஒரு தாத்தா இருக்கிறார். ஆட்டிசம் உள்ள மகனைக் கூட்டிவரும் ஒரு அம்மா இருக்கிறார். சாயங்காலக் கூட்டமும் சத்தமும் அந்தப் பையனுக்கு ஆகாது, காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். பகலில் அவன் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நடப்பான், ஒரு வார்த்தை சத்தம் வராது. அந்த அம்மாவுக்கு அது ஒன்றுதான் ஓய்வு. பூட்டிய முதல் வாரம் இரண்டு நாள் அந்தப் பையன் கேட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டு நின்றான். நான் கடையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பகலில் காதல் ஜோடிகளும் குடிப்பவர்களும் வருகிறார்கள் என்று கூட்டத்தில் காரணம் சொல்லப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். குடிப்பவர்கள் வந்தது உண்மை. பின்பக்கச் சுவர் இடிந்து கிடந்த ஏழெட்டு மாதம் வந்தார்கள். சுவரைக் கட்டியதும் நின்றது. பெண்களும் படிக்கிற பிள்ளைகளும் பெரியவர்களும் நிறைந்திருக்கும் இடத்தில் யாரும் பாட்டிலோடு வந்து உட்காருவதில்லை. ஆளில்லாத பூங்காவில்தான் அது நடக்கும். காதலிக்கிற பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்து பேசினால் இந்த ஊருக்கு என்ன நஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு வாட்ச்மேன் சம்பளத்தில் தீரக்கூடிய விஷயத்துக்கு ஊரையே வெளியே நிறுத்திவிட்டீர்கள்.

என் அனுபவத்தை மட்டும் வைத்து நான் பேசவில்லை. ப்ராஜெக்ட் பிரிண்ட் எடுக்க நர்சிங் மாணவிகள் என் கடைக்கு வருவார்கள். ஒரு பிள்ளை ‘இயற்கைச் சூழலும் மனநலமும்’ என்று தலைப்பு எடுத்திருந்தாள். பக்கம் சரிபார்த்துக்கொண்டே நான் படித்தேன், புரியாததை அவளிடமே கேட்டுக்கொண்டேன். ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்த 46 பேரை எடுத்துக்கொண்டார். பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரம், மீதிப் பாதிப் பேருக்கு செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பியிருக்கிறார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்ததற்கே இவ்வளவு. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனிதரை நினைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன்.

பிலடெல்பியா நகரத்தில் நடந்தது நம் ஊருக்கு இன்னும் நெருக்கமானது. குப்பை சேர்ந்து கிடந்த 541 காலி மனைகளை எடுத்து, ஒரு பகுதியைச் சுத்தம் செய்து புல்லும் சில மரங்களும் வைத்தார்கள். ஒரு பகுதியைச் சுத்தம் மட்டும் செய்தார்கள். மீதியை அப்படியே விட்டார்கள். முன்னும் பின்னும் அக்கம்பக்கத்து மக்களிடம் கேட்டார்கள். பச்சை வைத்த மனைகளின் பக்கத்தில் இருந்தவர்களிடம் மனம் சோர்ந்திருப்பதாகச் சொல்வது, ஒன்றும் செய்யாமல் விட்ட இடங்களோடு ஒப்பிட்டால் 41.5 சதவீதம் குறைந்திருந்தது. இது 2018-ல் வெளியானது. குப்பையை அள்ளியது மட்டும் அந்த அளவு பலன் தரவில்லை, புல்லும் மரமும் சேர்ந்த இடத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது. அங்கே நீரூற்று வைக்கவில்லை, மேடை கட்டவில்லை. மனம் ஆறுவதற்கு எவ்வளவு சின்ன இடமும் எவ்வளவு சின்னச் செலவும் போதும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரை வைத்து 2019-ல் வந்த ஆய்வு, வாரத்துக்கு 2 மணி நேரமாவது இயற்கையான இடத்தில் இருப்பவர்கள் உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகம் என்கிறது. ஒரே மூச்சாக இருந்தாலும் சரி, பிரித்துப் பிரித்து இருந்தாலும் சரி. உங்கள் 20 ரூபாயை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். நானும் அவரும் தினமும் போனால் மாதம் 1,200 ரூபாய். என் கடை வாடகையே 3,500 ரூபாய்தான். தூய்மைப் பணியாளர் பெண்கள் கண்ணயர்வதற்கு 20 ரூபாய் கொடுப்பார்களா?

நம் நாட்டு நிலையும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெங்களூருவில் இருக்கும் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனம் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் ஒரு மாநிலம். வயதுவந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. அவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள் நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் வரை. அப்படியானால் உங்கள் 30 பேர் கொண்ட கூட்ட அரங்கிலேயே மூன்று பேருக்கு இருக்கலாம். வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள், நாங்களும் சொல்லவில்லை. டாக்டரிடம் போகவே கூச்சப்படும் மனிதருக்கு, யாரும் எதுவும் கேட்காமல் போய் உட்காரக்கூடிய இடம் பூங்காதான். டோக்கன் வேண்டாம், சீட்டு வேண்டாம். அந்த இடத்துக்கு வாசலில் டிக்கெட் கவுன்ட்டர் வைத்திருக்கிறீர்கள்.

‘சுற்றுலாத் தலமாக மேம்படுத்தப்படும்’ என்று தீர்மானத்தில் இருக்கிறது. சுற்றுலா பற்றியும் எனக்குக் கொஞ்சம் தெரியும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு 2024 மே 7-ல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, என் கடையில் கோடை வந்தால் அதுதான் வியாபாரம். 2025 ஏப்ரல் முதல் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. பாஸ் கிடைக்காமல் முகம் வாடிப் போகிறவர்களை எத்தனையோ பார்த்துவிட்டேன். “எதுக்குங்க இந்தக் கூட்டத்துல போறீங்க?” என்று கேட்டால் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையேதான் சொல்வார்கள்: “ரெண்டு நாள் மரத்தைப் பார்த்துட்டு வந்தா மனசு லேசாகும்.” ஊருக்குள் நிழல் இல்லாததால் ஊரே மலையேறுகிறது. மலை தாங்காமல் கோர்ட்டு எண்ணிக்கை வைக்கிறது.

நாங்களும் போயிருக்கிறோம். அவர் உடம்பு சரியில்லாமல் இருந்த சமயம், இடம் மாறினால் சரியாகும் என்று என் தம்பி சொன்னதைக் கேட்டு ஒரு மே மாதம் ஊட்டிக்கு பஸ்ஸில் கூட்டிப் போனேன். மலர்க் கண்காட்சி நேரம். 1848-ல் தொடங்கிய அருமையான தாவரவியல் பூங்கா அது, எத்தனை வகை மரம்! ஆனால் அன்றைக்கு அங்கே ஆள் தலைதான் தெரிந்தது. அவர் வாசலோடு திரும்பிப் போய் பஸ் ஸ்டாண்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எங்களுக்கு ஆன செலவு 4,000 ரூபாய்க்கு மேல். அவர் மனசுக்கு நல்லது செய்தது வீட்டிலிருந்து ஆறு நிமிடத்தில் இருந்த ஒரு புங்கை மரம். மலைக்குப் போவது தப்பு என்று சொல்லவில்லை, வசதியும் தெம்பும் இருப்பவர்கள் போகட்டும். வருடத்துக்கு ஒரு தடவை பார்க்கிற மரத்தை விட, தினமும் போய் உட்காரக்கூடிய மரம் மனசுக்கு நெருக்கம். எங்கள் பூங்காவை நீங்கள் வெளியூர்க்காரர் ஒருமுறை வந்து போட்டோ எடுத்துப் போகிற இடமாக மாற்றும்போது, தினமும் வருகிறவனுக்கு இருந்த இடம் போகிறது.

மரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கடை போட்டபோது எண்ணியிருக்கிறேன்: வேம்பு 11, புங்கை 7, பூவரசு 4, நாவல் 2, வாகை 1. நீரூற்றுக்கும் மேடைக்கும் ஒன்பது மரம் போனது. மீதி மரங்களுக்கு அடிமரம் வரை பேவர் பிளாக் பதித்துவிட்டார்கள். ஒரு விரல் அளவு மண்கூட விடவில்லை. தண்ணீர் எங்கே இறங்கும்? பள்ளம் எடுத்தபோது ஜேசிபி பக்கத்து வேம்பின் வேரை நறநறவென்று பிய்த்துக்கொண்டு போனதை வாசலில் நின்று பார்த்தேன். ஐப்பசியில் அடித்த முதல் காற்றுமழையில் அதே வேம்பு சாய்ந்தது. நல்ல வேளை, ராத்திரி. பகல் மதியமாக இருந்தால் அதன் அடியில் படுத்திருந்தவர்கள் யார் என்று மேலே சொல்லிவிட்டேன். பகலில் பேவர் பிளாக் அடிக்கிற சூட்டில் செருப்பில்லாமல் நிற்க முடியாது, ராத்திரி 9 மணிக்குக்கூட அதிலிருந்து அனல் வருகிறது. நான்கு மூலையிலும் ஸ்பீக்கர் வைத்து சினிமாப் பாட்டுப் போடுகிறார்கள். செம்பூத்து ஜோடி இருந்த வேலியை வெட்டிக் கம்பி வேலி போட்டாயிற்று. அவை எங்கே போயின என்று வாட்ச்மேன் பெரியவருக்கும் தெரியவில்லை.

நீங்கள் செய்த எல்லாவற்றையும் குறை சொல்ல வரவில்லை. பெண்களுக்குக் கழிப்பறை கட்டினீர்கள், 19 வருடத்தில் முதல் தடவை. விளக்குப் போட்டீர்கள். சக்கர நாற்காலி ஏறச் சரிவு வைத்தீர்கள். மனசார நன்றி சொல்கிறேன். அந்தக் கழிப்பறையும் இப்போது பகலில் பூட்டியே கிடக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன், மனு அடித்து மனு அடித்துத் தெரிந்துகொண்டது. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. உள்ளாட்சி அமைப்பு தன் எல்லைக்குள் இருக்கும் பூங்காக்களின் பட்டியலைத் தயாரித்து அரசுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதில் உள்ளது. பெங்களூருவில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது அந்தப் பகுதி மக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. மருத்துவமனை கூட நல்ல காரியம்தான், அதற்கே பூங்காவை எடுக்கக் கூடாது என்றால் ஸ்கேட்டிங் தளத்துக்கு?

அப்புறம் ஓ.எஸ்.ஆர். இடங்கள், அதாவது திறந்தவெளிக்கென்று ஒதுக்கும் இடங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த விதி செல்லும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நம் ஊரைச் சுற்றிப் பத்து வருடத்தில் எத்தனை நகர், எத்தனை கார்டன், எத்தனை அவென்யூ! அத்தனையிலும் எழுதிக் கொடுத்த இடங்கள் எங்கே? எனக்குத் தெரிந்து இரண்டில் முள்வேலி போட்டு உள்ளே சீமைக் கருவேலம் வளர்ந்து கிடக்கிறது, ஒன்றில் யாரோ லாரி நிறுத்துகிறார்கள். ஸ்கேட்டிங் தளம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அங்கே கட்டுங்கள், பிள்ளைகள் சந்தோஷமாக விளையாடட்டும். நாற்பது வருட மரம் நிற்கிற இடத்தில் வேண்டாம்.

நகரத்தில் பச்சை எவ்வளவு வேண்டும் என்பதற்கு 3-30-300 என்று ஓர் அளவு சொல்கிறார்கள். செசில் கொனைனென்டைக் என்ற வனவியல் பேராசிரியர் 2021-ல் முன்வைத்தது. வீட்டிலிருந்து பார்த்தால் 3 மரம் தெரிய வேண்டும், தெருப்பகுதியில் 30 சதவீதம் மரநிழல் இருக்க வேண்டும், 300 மீட்டருக்குள் பூங்கா இருக்க வேண்டும். என் வீட்டு வாசலில் நின்று எண்ணிப் பார்த்தேன். ஒரு முருங்கை தெரிந்தது, அதுவும் பக்கத்து வீட்டு அக்காவுடையது. பூங்கா மட்டும் 300 மீட்டருக்குள் இருந்தது. மூன்றில் ஒன்றாவது எங்களுக்கு இருந்தது.

பெரிய குளத்தில் ‘சூழல் சுற்றுலா’ என்று படகு விடப்போவதாகவும் கரை முழுக்க கான்கிரீட் நடைபாதை போடப்போவதாகவும் பேசிக்கொள்கிறார்கள். அதற்கு இன்னும் டெண்டர் விடவில்லை என்பதால் இப்போதே கேட்டுக்கொள்கிறேன். கரைப் பனை மரங்களைத் தொடாதீர்கள். நடக்க மண்பாதையும் நாலைந்து இடத்தில் உட்காரத் திண்ணையும் போதும்.

நான் கேட்பது இவை.

பூங்காவைக் காலை 5 மணி முதல் இரவு 9 மணி வரை இடைவெளி இல்லாமல் திறந்து வையுங்கள், கழிப்பறையோடு சேர்த்து. பகல் காவலுக்கு இன்னொரு ஆளைப் போடுங்கள். நுழைவுக் கட்டணத்தை ரத்து செய்யுங்கள். நீரூற்றுக் காட்சிக்கு வேண்டுமானால் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், மரத்தடிக்கு வாங்காதீர்கள்.

இரண்டாம் கட்டப் பணியை நிறுத்துங்கள். நிற்கும் 15 மரங்களுக்கும் எண் போட்டு, வாசல் போர்டில் எழுதுங்கள். ஒவ்வொரு மரத்தையும் சுற்றி மூன்று அடிக்காவது பேவர் பிளாக்கைப் பெயர்த்து மண்ணைத் திறந்துவிடுங்கள். கிழக்குப் பக்கம் ஸ்பீக்கர் வேண்டாம். அந்தப் பக்கத்தை அமைதிப் பகுதி என்று அறிவியுங்கள், ஆட்டிசம் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் உதவும். சாய்ந்த வேம்புக்கும் வெட்டிய ஒன்பது மரங்களுக்கும் பதிலாக இந்த மழைக்காலத்திலேயே வேம்பும் புங்கையும் நடுங்கள். தண்ணீர் ஊற்ற நாங்கள் இருக்கிறோம். என் கடையில் ஏற்கெனவே 26 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

1959 சட்டப்படியான நம் நகராட்சிப் பூங்காப் பட்டியலையும், தானமாக வந்த ஓ.எஸ்.ஆர். இடங்களின் பட்டியலையும் சர்வே எண்ணோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும், கேட்க வைக்காதீர்கள். இனி எந்தப் பூங்காவில் கை வைப்பதாக இருந்தாலும், அங்கே தினமும் வருகிறவர்களையும் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு டாக்டர் ஒருவரையும் கூப்பிட்டு, அந்தப் பூங்காவிலேயே பகல் நேரத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள். பூங்கா வாசலில் டெலி மானஸ் இலவச மனநல உதவி எண் 14416-ஐப் பெரிய எழுத்தில் எழுதிப் போடுங்கள். 2022-லிருந்து இருக்கிறது, எங்களுக்கு அது தேவைப்பட்ட நாட்களில் இருந்திருக்கவில்லை.

அடுத்த நகர்மன்றக் கூட்டத்தில் இதைப் பொருளாக வையுங்கள். பார்வையாளர் பகுதியில் நானும் என் வீட்டுக்காரரும் வந்து உட்காருவோம். அவரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

அதுவரை ஒன்று மட்டும் உடனே செய்யுங்கள். நாளைக் காலை 8 மணிக்கு அந்தப் பூட்டைப் போட வேண்டாம் என்று வாட்ச்மேன் பெரியவருக்கு ஒரு போன் செய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பூங்கா வாசலுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள்